சொந்தமாகக் கட்டிய விமானத்தில் ரோட்டரி எஞ்சின் நின்றுவிட்டால் எப்படி இறங்குவது?

இளஞ்சிறகு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இருவர் அமரக்கூடிய, தாழ்ந்த இறக்கை கொண்ட உலோக விமானம் ஒன்றை ஏழு ஆண்டுகள் உழைத்துக் கட்டி முடித்து, இப்போது சோதனைப் பறப்பு நிலையில் இருக்கிறேன். எஞ்சின் மாஸ்டா 13பி. காரிலிருந்து எடுத்ததைக் கடைசி ஓ-ரிங் வரை பிரித்து, சீல்கள் அனைத்தையும் புதிதாகப் போட்டு நானே சேர்த்தேன். டர்போ கிடையாது. 2.85க்கு 1 என்ற விகிதத்தில் வேகத்தைக் குறைக்கும் கியர்பாக்ஸும், அதில் கோணம் மாற்ற முடியாத மரப் ப்ரொபெல்லரும் பொருத்தியிருக்கிறேன். எஞ்சின் 6,000 சுற்றில் ஓடும்போது ப்ரொபெல்லர் ஏறக்குறைய 2,100 சுற்றில் சுழல்கிறது. அதிர்வு இவ்வளவு குறைவாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

இதுவரை 14 மணி நேரம் பறந்துவிட்டேன். பதினோராவது மணி நேரத்தில் நடந்த ஒன்றுதான் இந்தக் கேள்வியை எழுத வைத்தது. ஓடுபாதையை விட்டு எழும்பி ஏறக்குறைய 400 அடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது எஞ்சின் முற்றிலும் அடங்கியது. இரண்டு நொடிதான் இருக்கும். பிறகு எதுவுமே நடக்காததுபோல் மீண்டும் முழு வலுவுடன் ஓடியது. அந்த இரண்டு நொடியில் நான் செய்தது ஒன்றுமில்லை. மூக்கைத் தாழ்த்தவில்லை, சுவிட்ச் எதையும் தொடவில்லை, எங்கே இறங்குவது என்றுகூடப் பார்க்கவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. தரையில் பலமுறை ஓட்டிப் பார்த்தும் கோளாறு திரும்பி வரவில்லை.

ரோட்டரி எஞ்சின் எதனால் நிற்கிறது, எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். த்ராட்டிலை (எஞ்சினின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுவதும் மூடி நான் பழகிய இறக்கங்கள் உண்மையாகவே எஞ்சின் நின்ற நிலைக்குச் சமமாகுமா என்பதும் தெரிய வேண்டும். எழும்பிய பிறகு எந்த உயரத்திலிருந்து ஓடுபாதைக்குத் திரும்பலாம், வானிலேயே எஞ்சினை மீண்டும் இயக்க எவ்வளவு நேரம் முயலலாம் என்பவையும் என் ஐயங்கள். விமானத்தைத் தற்போது கொட்டகையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சுழலச்சு

விமானத்தைத் தரையில் நிறுத்தி வைத்ததே சரியான முதல் முடிவு. காரணம் தெரியும்வரை வெளியே எடுக்காதீர்கள்.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காக ஒரு விளக்கம். முதல் உலகப் போர்க் கால விமானங்களில் சிலிண்டர்களே ப்ரொபெல்லரோடு சேர்ந்து சுழலும் எஞ்சினையும் ரோட்டரி என்றே அழைப்பார்கள். நாம் பேசுவது அதைப் பற்றி அல்ல. ஃபெலிக்ஸ் வாங்கெல் உருவாக்கிய, என்எஸ்யு நிறுவனத்தில் 1957இல் முதன்முதலாக ஓடிய, முக்கோண ரோட்டர் கொண்ட எஞ்சின் இது. ரோட்டர் ஒருமுறை சுற்றி வருவதற்குள் நடுத்தண்டு மூன்று முறை சுற்றிவிடும். 13பியில் இரண்டு ரோட்டர்கள், அறைக்கு 654 சிசி என்று கணக்கிட்டால் மொத்தம் 1,308 சிசி. வால்வு, கேம்ஷாஃப்ட், கனெக்டிங் ராட் எதுவும் இல்லாததால் பிஸ்டன் எஞ்சினில் உடைந்து பறக்கும் பொருள்களில் பாதி இங்கே இல்லவே இல்லை.

அதனால் இந்த எஞ்சினின் மையப்பகுதி திடீரென்று நின்றுபோவது அரிது. ரோட்டரின் முனை சீல் ஒன்று உடைந்தால்கூட அந்த ரோட்டர் வலுவிழக்குமே தவிர, மற்றது தொடர்ந்து இழுக்கும். கரடுமுரடாக ஓடியபடியே விமானக் களத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வாய்ப்பு உண்டு. அளவுக்கு மீறிச் சூடானாலும், அலுமினிய உறை இரும்பு ரோட்டரைவிட அதிகமாக விரிவதால் உள்ளே இடைவெளி கூடுகிறது. பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்வதுபோல் பிடிப்பதில்லை. ஆனால் நீர் சீல்கள் வெந்துபோகும், உறைகள் கோணும், எஞ்சின் மீண்டும் பயன்படாது. உயிரைக் காத்துத் தன்னைக் கொடுத்துவிடும் எஞ்சின் என்று நான் இதை மதிப்பதற்குக் காரணம் இதுதான்.

நிறுத்துவது பெரும்பாலும் நாம் அதைச் சுற்றிக் கட்டிய அமைப்புகளே. சான்றிதழ் பெற்ற வழக்கமான விமான எஞ்சினில் மேக்னெட்டோ தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். நம்முடையதில் எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர், இக்னிஷன் காயில், ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அனைத்தும் மின்சாரத்தை நம்பியே இருக்கின்றன. மின்சாரம் போனால் எஞ்சின் போயிற்று. ரோட்டருக்கு இரண்டு பிளக்குகள் இருப்பதைக் காட்டி, பற்றவைப்பு இரட்டையாக இருக்கிறது என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். அந்த இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்துதான் மின்சாரம் வருகிறது என்றால் அது இரட்டை ஆகாது.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொந்தமாகக் கட்டிய விமானங்களைப் பற்றி 2012இல் வெளியிட்ட ஆய்வில், எஞ்சின் அமைப்பின் கோளாறும் வானில் கட்டுப்பாட்டை இழப்பதுமே விபத்துகளில் முன்னணியில் நின்றன. இரண்டையும் தனித்தனியாகப் படிக்கக் கூடாது என்பது என் கருத்து. எஞ்சின் நின்ற பதற்றத்தில் வேகத்தை இழப்பவர்களே அதிகம் அடிபடுகிறார்கள்.

இனி உங்கள் இரண்டு நொடிக்கு வருவோம். ஒரு காயிலோ ஒரு இன்ஜெக்டரோ போயிருந்தால் பாதி எஞ்சின் ஓடியிருக்கும், விமானம் உலுக்கியிருக்கும். முற்றிலும் அடங்கியது என்கிறீர்கள். எனவே இரண்டு ரோட்டர்களுக்கும் பொதுவான ஒன்றுதான் அறுந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் சுற்று எண்ணிக்கை காட்டும் கருவி என்ன காட்டியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள், பதிவு இருந்தால் எடுத்துப் பாருங்கள். காற்றின் தள்ளுதலால் ப்ரொபெல்லர் சுழன்றுகொண்டே இருந்திருக்கும்; ஆகவே உண்மையான சுற்று பூச்சியத்துக்கு இறங்கியிருக்க முடியாது. கருவி பூச்சியம் காட்டியிருந்தால் ஈசியுவே மின்சாரம் இழந்தது என்று பொருள். சுற்று மெல்லச் சரிந்திருந்தால் எரிபொருள் பக்கம் தேடுங்கள்: எஞ்சின் சூட்டுக்கு அருகில் பம்ப் இருந்தால் எரிபொருள் ஆவியாகி அது வெறும் ஆவியைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

மின்சாரம் என்று தெரிந்தால் முதலில் எர்த் இணைப்பைப் பாருங்கள். எல்லாவற்றையும் இயக்கிவிட்டு, ஈசியுவின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினாலே எனக்குச் சந்தேகம் வரும். அளந்துகொண்டிருக்கும்போதே கம்பிகளைக் கையால் ஆட்டுங்கள். ஆடாத விமானத்தில் தெரியாத கோளாறு அப்போது தெரியும்.

காற்றுவழி

நான் பல ஆண்டுகளாகக் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ரோட்டரி எஞ்சினும் கிளைடரும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல. 1960களின் இறுதியில் லாக்ஹீட் நிறுவனம் ஒலி குறைந்த கண்காணிப்பு விமானத்துக்காகச் சோதித்த க்யூ-ஸ்டார், ஷ்வைட்சர் கிளைடரின் உடலில் வாங்கெல் எஞ்சினைப் பொருத்தியே பறந்தது. தானே எழும்பும் ஏஎஸ்எச் 26 ஈ கிளைடரும் சிறு ரோட்டரி எஞ்சினைத்தான் உடலுக்குள் சுமக்கிறது. மேலே போனதும் எஞ்சினை நிறுத்தி, ப்ரொபெல்லரை அதன் கம்பத்தோடு உள்ளே மடித்து வைத்துவிட்டு மணிக்கணக்கில் பறப்பார்கள். அவர்களுக்கு எஞ்சின் நிற்பது அன்றாட வேலை. உங்களுக்கும் அது அப்படியே பழகிப்போக வேண்டும் என்பது என் விருப்பம்.

இரண்டு நொடியில் நீங்கள் எதுவும் செய்யவில்லை என்று வருந்துகிறீர்கள். எல்லாரும் அப்படித்தான், எதிர்பாராத அமைதிக்கு மனம் பதில் சொல்ல மூன்று நான்கு நொடி ஆகும். ஏறும் நிலையில் மூக்கு மேலே நிற்கும்போது வலு போனால் அந்த நான்கு நொடிக்குள் வேகம் கரைந்துவிடும். எனவே கை செய்ய வேண்டிய முதல் வேலை மூக்கைத் தாழ்த்துவது. என்ன ஆயிற்று என்ற ஆராய்ச்சி அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு முறை எழும்புவதற்கு முன்பும், ஓடுபாதையின் தொடக்கத்தில் நின்றுகொண்டு, "இப்போது நின்றால் மூக்கு கீழே, நேர் எதிரே" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கை அதைக் கேட்டுப் பழகும்.

த்ராட்டிலை மூடிப் பழகியது போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. உங்கள் விமானத்துக்கு வலுவில்லாத நிலைகள் மூன்று இருக்கின்றன. த்ராட்டில் மூடியும் எஞ்சின் எரிந்துகொண்டிருப்பது ஒன்று. எரிதல் நின்று, எதிர்க்காற்று ப்ரொபெல்லரைத் தள்ளிச் சுழற்றுவது இரண்டாவது. ப்ரொபெல்லர் அசையாமல் நின்றுவிடுவது மூன்றாவது. கோணம் மாறாத ப்ரொபெல்லரில் பொதுவாக இரண்டாவதே மோசம், ஏனெனில் செத்த எஞ்சினைச் சுழற்றும் வேலை முழுவதும் உங்கள் உயரத்திலிருந்து எடுக்கப்படுகிறது. கியர்பாக்ஸ் இருப்பதால் எஞ்சினின் இழுவை 2.85 மடங்காகப் ப்ரொபெல்லரில் தெரியும். அதனால் வேகம் குறையும்போது அது நின்றுபோவதும் எளிது, நின்றதை மூக்கைக் கவிழ்த்துக் காற்றால் மீண்டும் சுழற்றுவது கடினம். மீண்டும் இயக்க ஸ்டார்ட்டரையே நம்ப வேண்டியிருக்கும்.

இவற்றை ஊகிக்காதீர்கள், அளந்துவிடுங்கள். காற்று அமைதியாக இருக்கும் விடியற்காலையில், களத்துக்கு நேர் மேலே 4,000 அடிக்கு ஏறி, 3,000த்திலிருந்து 2,000 அடிக்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று 70, 75, 80, 85, 90 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகங்களில் எடுங்கள். முதலில் த்ராட்டில் மூடிய நிலையில். அது கைவந்த பிறகு இன்ஜெக்டர் சுவிட்சை நிறுத்தி, எப்போதும் ஓடுபாதையை எட்டக்கூடிய இடத்தில் இருந்துகொண்டு, எஞ்சின் எரியாத நிலையில்.

ஓடுபாதைக்குத் திரும்புவதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் அதில் செத்தவர்கள் ஏராளம். 80 நாட் வேகத்தில் 45 பாகை சாய்வில் திரும்பினால் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 170 மீட்டர். 180 பாகை திரும்பினால் ஓடுபாதைக்கு இணையாக, ஆனால் பக்கவாட்டில் விலகி வந்து நிற்பீர்கள். அதன் மேலேயே வந்து சேர மொத்தம் 240 பாகையாவது திரும்ப வேண்டும். அதற்குப் 18 நொடி. அந்தச் சாய்வில் நிமிடத்துக்கு 1,500 அடி இறங்குவதாக வைத்தாலும் திருப்பத்துக்கு மட்டும் 450 அடி போய்விடும். திகைத்து நின்ற நொடிகளுக்கு இன்னும் 100 அடி சேருங்கள். 45 பாகைச் சாய்வில் உயரம் மாறாமல் திரும்பினால் ஸ்டால் வேகம் (இறக்கை தூக்கும் திறனை இழக்கும் வேகம்) 1.19 மடங்காகவும், 60 பாகையில் 1.41 மடங்காகவும் கூடும். தரை நெருங்குவதைக் கண்டு அறியாமல் ஸ்டிக்கைப் பின்னால் இழுப்பவரின் இறக்கை எங்கே கைவிடும் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும். ஆகவே 400 அடியில் உங்களுக்குத் திரும்பும் உரிமை இருந்ததே இல்லை. நேர் எதிரே, வலமும் இடமும் 30 பாகைக்குள் கிடைப்பதில் சிறந்ததே உங்கள் களம். வேலியில் மோதினாலும் கட்டுப்பாட்டோடு, குறைந்த வேகத்தில் மோதுபவர் எழுந்து நடக்க வாய்ப்பு உண்டு.

எண்ணெய்க்கை

எனக்கு ஒருமுறை நேர்ந்ததை எழுதுகிறேன். இளஞ்சிறகு கேட்ட கேள்விகளுக்கு அதில் சில பதில்கள் இருக்கின்றன.

என்னுடையதும் 13பிதான். ரோட்டரி கட்டுபவர்கள் பலரைப்போல நானும் காரின் ஏசி எவாப்பரேட்டர்களை ரேடியேட்டராகப் பொருத்தியிருந்தேன். அவை நன்றாகவே குளிர்விக்கும். ஆனால் நான் ஒரு ரப்பர் குழாயை உலோக விளிம்புக்கு மிக அருகில் கொண்டுசென்றிருந்தேன். 60 மணி நேரம் உரசி உரசி அது தேய்ந்ததை நான் பார்க்கவில்லை.

3,500 அடியில் போய்க்கொண்டிருந்தபோது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) வெப்பம் 85 பாகையிலிருந்து 70க்கு இறங்கியது. நன்றாகக் குளிர்கிறதே என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். உண்மையில் சென்சாரைச் சுற்றி நீரே இல்லை. திரவத்தில் மூழ்கியிராத சென்சார் எஞ்சின் எவ்வளவு கொதித்தாலும் அதைச் சரியாகக் காட்டாது. கூலன்ட் அழுத்தத்துக்குத் தனியாக ஒரு விளக்கு வைத்திருந்தேன். அது எரிந்த பிறகுதான் புரிந்தது. அதற்குள் எண்ணெய் வெப்பம் 95இலிருந்து 120ஐ நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. இனிப்பு வாடை வந்தது. முன்கண்ணாடியில் மெல்லிய பிசுபிசுப்பு படர்ந்தது. இந்த எஞ்சினின் சூட்டில் கணிசமான பங்கை எண்ணெய்தான் வெளியே கொண்டுசெல்கிறது, எனவே எண்ணெய்க் கூலரைச் சிறிதாக வைப்பவர்களையும் இங்கேயே எச்சரித்துவிடுகிறேன். உங்கள் விமானத்தில் கூலன்ட் அழுத்தம் காட்டும் கருவி இல்லையென்றால், அடுத்த பறப்புக்கு முன் பொருத்துங்கள்.

வலுவைப் பாதிக்குக் குறைத்துக் களத்துக்குத் திரும்பினேன். நீரில்லாமல் ஆறு நிமிடம் ஓடியது. களத்துக்கு மேலே 2,000 அடியில் வந்தபோது எஞ்சின் விட்டுவிட்டு இழுக்கத் தொடங்கியது. அங்கேதான் நான் எடுத்த முடிவு முக்கியம் என்று நினைக்கிறேன்: எஞ்சினை நானே நிறுத்தினேன். ஒரு நொடி இழுத்து மறுநொடி விடும் எஞ்சினை வைத்துக்கொண்டு இறக்கத்தைக் கணக்கிட முடியாது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இருப்பதைவிட, கிளைடர் ஓட்டுபவனாகவே முழுமையாக மாறிவிடுவது பாதுகாப்பு. ஆனால் களம் உங்கள் கைக்குள் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்யலாம். தொலைவில் இருந்தால் கிடைக்கும் ஒவ்வொரு இழுப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

30 பாகைச் சாய்வில் ஒரு முழு வட்டம் அடித்தால் ஏறக்குறைய 900 அடி போகும் என்று முன்பே அளந்து வைத்திருந்தேன். எனவே ஓடுபாதையின் இறங்கும் முனைக்கு மேலே 2,000 அடியில் தொடங்கி, பாதி வட்டத்தில் முனைக்கு இணையாக வரும்போது எவ்வளவு உயரம் மீதமிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பச் சுற்றைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ வந்தேன். குறியை ஓடுபாதையின் தொடக்கத்தில் வைக்கவில்லை, மூன்றில் ஒரு பங்கு உள்ளே வைத்தேன். முனை நிச்சயம் என்று தெரியும்வரை ஃப்ளாப்பைத் (இறக்கத்தைச் செங்குத்தாக்க இறக்கையில் தாழ்த்தும் மடல்) தொடவில்லை. மிச்சமிருந்த உயரத்தைப் பக்கவாட்டுச் சறுக்கலால் கரைத்தேன். என்னை ஏமாற்றியது ஒலிதான். எஞ்சின் ஓசை இல்லாமல் காற்றின் ஓசை மட்டும் கேட்கும்போது வேகம் குறைவதும் கூடுவதும் காதுக்கு வேறுமாதிரி இருந்தது. வேகமானியை விட்டுக் கண்ணை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. தரையை ஒட்டி மிதக்கும் கட்டமும் நான் பழகியதுபோல் இருக்கவில்லை. அதை முதல் முறையாக அன்றுதான் உணர்ந்தேன் என்பது என் பயிற்சியின் குறை.

பிரித்துப் பார்த்தபோது நீர் சீல்கள் கருகியிருந்தன, ஓர் உறை கோணியிருந்தது. ரோட்டர்கள் கையால் சுழன்றன.

மீண்டும் இயக்குவதைப் பற்றி இது மட்டும். பற்றவைப்பு இல்லாமல் சுழலும்போது இன்ஜெக்டர்கள் எரிபொருளைக் கொட்டிக்கொண்டே இருந்தால் பிளக்குகள் நனைந்து எஞ்சின் திணறிவிடும். ரோட்டரி இதற்குப் பேர்போனது. பிறகு பற்றினாலும் சூடான புகைக்குழாயில் வெடித்து மஃப்ளரைப் பிளக்கும். எனவே என் ஒழுங்கு இது: மூக்கு, வேகம், களம் மூன்றும் உறுதியான பிறகு, டேங்கை மாற்று, இரண்டாவது பம்ப்பைப் போடு, மாற்று ஈசியுவுக்குத் தள்ளு. மூன்றும் பத்து நொடிக்குள் கை தானாகச் செய்ய வேண்டும். பலன் இல்லையென்றால் இன்ஜெக்டரை நிறுத்திவிட்டுச் சில நொடி காற்றால் உள்ளே உலர விட்டு ஒரே ஒருமுறை முயலுங்கள். 1,000 அடிக்குக் கீழே அந்த ஒருமுறையும் கிடையாது. அங்கே இறங்குவது மட்டுமே வேலை.

இளஞ்சிறகு

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். அளக்காமல் பேசக் கூடாது என்று காத்திருந்தேன்.

சுழலச்சு ஐயா சொன்னது அப்படியே நடந்தது. பதிவில் அந்த இரண்டு நொடியும் சுற்று எண்ணிக்கை பூச்சியமாக இருந்தது. மல்டிமீட்டரை வைத்துக் கம்பியை ஆட்டியபோது 0.05 வோல்ட்டிலிருந்து 0.9க்குத் தாவியது. இரண்டு ஈசியுக்களின் எர்த் கம்பிகளையும் நான் ஒரே போல்ட்டில் சேர்த்திருந்தேன். அதன் அடியில் பெயின்ட்டைச் சுரண்டாமல் விட்டிருந்தேன். வாஷரைத் தூக்கியபோது ஒரு பக்கம் உலோகம் பளபளத்தது, மறுபக்கம் நான் அடித்த சாம்பல் நிற ப்ரைமர் வட்டமாக முழுதாக இருந்தது. இப்போது இரண்டுக்கும் தனித்தனிக் கம்பி, தனித்தனி இடம், நேரே பேட்டரிக்கு. கூலன்ட் அழுத்த விளக்கும் பொருத்திவிட்டேன்.

பிறகு காற்றுவழி ஐயா சொன்னபடி விடியற்காலைகளில் அளந்தேன். 80 நாட்டில் 3,000த்திலிருந்து 2,000 அடிக்கு இறங்க, த்ராட்டில் மூடிய நிலையில் 68 நொடி, எரிதல் நின்று ப்ரொபெல்லர் சுழலும்போது 57 நொடி, ப்ரொபெல்லர் நின்ற நிலையில் 72 நொடி ஆயிற்று. கிளைடு விகிதமாகச் (ஓர் அடி இறங்குவதற்குள் முன்னே செல்லும் அடிகள்) சொன்னால் முறையே 9.2, 7.7, 9.7. நான் இத்தனை நாள் பழகியது 9.2. உண்மையில் எஞ்சின் நின்றால் கையில் இருப்பது 7.7. ஆயிரம் அடியிலிருந்து இந்த வேறுபாடு தரையில் 1,500 அடி குறைகிறது. 9.7ஐப் பெற வேண்டுமானால் ஸ்டாலுக்கு மிக அருகில் வேகத்தைக் குறைத்துப் ப்ரொபெல்லரை நிறுத்த வேண்டியிருக்கிறது. நிறைய உயரம் இருக்கும்போது மட்டுமே அந்த எண் எனக்கு உரியது.

3,000 அடியில் ஏறும் நிலையில் வலுவை எடுத்து, நான்கு நொடி எண்ணி, 45 பாகைச் சாய்வில் 240 பாகை திரும்பினேன். ஆறுமுறை செய்ததில் சராசரி இழப்பு 620 அடி, மிக மோசமானது 710. மோசமானதோடு பாதியைக் கூட்டி, 1,100 அடிக்குக் கீழே திரும்புவதில்லை என்று கருவிப் பலகையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இது சரிதானா?

காற்றுவழி

இவ்வளவு பொறுமையாக அளந்து வந்ததைப் பார்க்க மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அந்த எண் பாதி விடைதான். மீதிப் பாதி இல்லாமல் அதை ஒட்டி வைத்திருப்பது ஆபத்து.

90 நாட்டில் நிமிடத்துக்கு 1,200 அடி ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1,100 அடியை அடைய 55 நொடி. அதற்குள் எழும்பிய இடத்திலிருந்து 8,300 அடிக்கு மேல் தள்ளிப் போயிருப்பீர்கள். திருப்பத்தில் 620 அடி போனால் மீதம் 480. அதை 7.7ஆல் பெருக்கினால் 3,700 அடி. ஆக, எழும்பிய புள்ளிக்கு இன்னும் 4,600 அடி முன்னாலேயே தரை வந்துவிடும். அந்த இடத்தில் ஓடுபாதை இருக்கிறதா என்று பாருங்கள். எதிர்க்காற்று இருந்தால் கணக்கு உங்கள் பக்கம் சாயும், காற்றில்லாத நாளில் சாயாது. உங்கள் ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறைய ஒரே சரிவில் இருப்பதால், நேரே ஏறிக்கொண்டே போனால் எவ்வளவு உயரம் சேர்த்தாலும் அந்தக் குறை நிரம்பாது.

உயரம் சேரும்போதே களத்தின் அருகிலும் இருக்க வேண்டும். களத்தின் விதிகள் இடம் கொடுக்கும் மிகத் தாழ்ந்த உயரத்திலேயே பக்கவாட்டில் திரும்பி ஏறுங்கள். திரும்ப வேண்டிய பாகையும் குறையும், தொலைவும் குறையும்.

இளஞ்சிறகு

என் ஏற்றம் நீங்கள் வைத்த எண்ணேதான். எழும்பிய புள்ளிக்கு அப்பால் மீதமிருக்கும் ஓடுபாதை 3,000 அடி. நேரே ஏறியிருந்தால் 1,600 அடி முன்னால் மரங்களுக்குள் இறங்கியிருப்பேன். ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டேன். 600 அடியில் இடப்பக்கம் திரும்பி ஏறுவதைக் களத்தில் பேசி அனுமதி வாங்கியிருக்கிறேன். அந்த வழியில் 1,100 அடியை எட்டும்போது ஓடுபாதை என் இடத்தோளுக்குப் பின்னால், இறக்கையின் நுனியை ஒட்டித் தெரிகிறது. அங்கிருந்து திரும்பும் திருப்பத்தை நாளை காலை 3,000 அடியில், சாலையொன்றை ஓடுபாதையாக வைத்துக்கொண்டு அளக்கப் போகிறேன்.